அரை டபிள்யூ

பழைய காருக்குத் தனி நம்பர் வாங்க அலைந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர்தான் மேஸ்திரியை எனக்கு அறிமுகப்படுத்தினார். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. “மாத்தலைன்னு பேப்பர்ல யார் வேணா எழுதிடலாம். மாத்தாமலே ஓட வைக்கிற ஆள் ஒருத்தர் கிண்டியில இருக்கார், வந்து பாரு” என்றார் நண்பர்.

கிண்டி ரயில் நிலையத்தில் இறங்கித் திரு.வி.க. தொழிற்பேட்டைக்குள் நடந்தோம். 1958இல் தொடங்கிய பேட்டை. ஒரு காலத்தில் இந்தத் தெருக்கள் முழுக்க லேத்தும் பிளேட்டிங்கும் பிரஸ்ஸும்தான். இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் டீக்கடையில் நிற்கிறார்கள். இரண்டு சந்து திரும்பினால் பழைய சத்தம் இன்னும் கேட்கிறது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே, கதவுகள் கழற்றப்பட்டு, இருக்கைகள் இல்லாமல், ஒரு ரோல்ஸ் ராய்ஸ் நின்றது.

20/25 என்ற மாடல். 1929 முதல் 1936 வரை தயாரித்தார்கள். ஆறு சிலிண்டர், 3.7 லிட்டர் என்ஜின். அன்று என்ஜின் வேலை நடக்கவில்லை என்பதால் அதைப் பற்றி இவ்வளவு போதும். ரேடியேட்டர் முகப்பில் இரண்டு ஆர் எழுத்துகள் கறுப்பு நிறத்தில் இருந்தன. “ராய்ஸ் செத்த துக்கத்துக்குத்தான் சிவப்பைக் கறுப்பாக்கிட்டாங்க” என்று ஒரு பையன் சொன்னான். உலகம் முழுக்க இப்படித்தான் சொல்கிறார்கள். சிவப்பு எழுத்து வண்டியின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அவர் உயிரோடு இருந்தபோதே எடுத்த முடிவு அது. 1933 ஏப்ரலில் அவர் இறந்ததால் கதை ஒட்டிக்கொண்டது.

கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராய்ஸ் ஏழை மாவு மில்காரர் மகன். சிறுவனாக இருக்கும்போது பத்திரிகை விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். பீட்டர்பரோ ரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அத்தை கட்டிவந்த பணம் நின்றதும் பாதியில் வெளியேற வேண்டியதாயிற்று. ‘சர்’ பட்டம் வந்த பிறகும் தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார் என்பார்கள். இந்தக் கொட்டகையில் நிற்கும்போது எனக்கு அந்தப் பாதிப் படிப்புதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மேஸ்திரிக்கு வயது 67. மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். 13 வயதில் மோட்டார் பட்டறைகள் நிறைந்த புதுப்பேட்டைக்கு வந்திருக்கிறார். முதல் இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் பாகம் கழுவுவது மட்டும்தான் வேலை. “கழுவக் கழுவத்தான் சார் எந்த பாகம் எங்க உக்காரும்னு கை தெரிஞ்சுக்கும்” என்றார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சிம்சனில் பாடி கட்டியவர். சிம்சன் கம்பெனி 1840இல் சென்னையில் குதிரைச் சேணமும் வண்டியும் செய்து தொடங்கியது. அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவிக் கார் ஒன்றையே கட்டி ஓட்டினார். கோச்சு வண்டிக்கு மரம் வளைத்த கைகள்தான் பிறகு மோட்டார் காருக்கும் பாடி கட்டின. அந்தக் கைகளின் கடைசி மாணவர்களில் ஒருவர் இவர்.

அன்றைக்கு அவர் முன்னால் இருந்தது பின்பக்கக் கதவு. அலுமினியத் தோல், உள்ளே மரச் சட்டம். இங்கிலாந்தில் ஆஷ் என்ற மரத்தில் சட்டம் கட்டுவார்கள், நன்றாக வளையும். இங்கே தச்சர் தேக்கில் போட்டிருக்கிறார். கீழ்ப் பகுதி அரித்துப்போயிருந்ததால் மூன்று விரல் அகலத்துக்குப் புதுத் தகடு வேண்டும். மேஸ்திரி ஒரு துணி சோப்பை எடுத்துத் தகட்டின் மேல் கோடு கோடாகத் தேய்த்தார். பிறகு கேஸ் சுடரைக் காட்டினார். இரும்பைப் போல அலுமினியம் சிவக்காது. சூடு ஏறியது கண்ணுக்குத் தெரிவதற்குள் உருகி ஓட்டையாகிவிடும். சோப்புக் கோடு பழுப்பாகி, காப்பிக்கொட்டை நிறம் தாண்டிக் கறுக்கத் தொடங்கியதும் சுடரை விலக்கினார். தகடு இளகிவிட்டது. மணல் நிரப்பித் தைத்த தோல் பை மேல் அதை வைத்து, புளியங்கட்டையில் கடைந்த சுத்தியால் தட்ட ஆரம்பித்தார். அடி ஓங்கி விழவில்லை. சாமிக்கு மணி அடிப்பதுபோல ஒரே தாளம். “அவசரப்பட்டா தகடு கோவிச்சுக்கும்” என்றார். கோவித்துக்கொண்ட தகட்டையும் காட்டினார். நடுவில் அப்பளம்போல் உப்பியிருந்தது. அதை மறுபடி இறக்க ஒரு நாள் போய்விடுமாம்.

ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் வரை ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி பொதுவாக முழு வண்டி விற்காது. என்ஜினோடு சேசிஸ் மட்டும் விற்கும். வாங்குகிறவர் பார்க்கர், ஹூப்பர் போன்ற பாடி கம்பெனிகளில் கொடுத்து மேலே கட்டிக்கொள்வார். கம்பெனியே பாடியும் சேர்த்துத் தந்த முதல் ரோல்ஸ் ராய்ஸ் 1949இல் வந்த சில்வர் டான்தான். ஆக, நாம் வாய்பிளந்து பார்க்கும் அந்த வளைவுகள் எல்லாம் ஏதோ ஒரு தகடு தட்டும் தொழிலாளியின் கைவேலை. அவர் பெயர் எங்கும் இல்லை. படிக்கட்டுப் பக்கம் பதித்த சின்னப் பித்தளைத் தகட்டில் பாடி கம்பெனியின் பெயர் மட்டும் இருக்கும்.

கதவைத் திரும்ப மாட்டும் நேரம் வந்தபோது மேஸ்திரி பையனிடம் “அரை டபிள்யூ எடுடா” என்றார். துணியில் சுற்றி, எண்ணெய் தடவி, பிஸ்கட் டின்னில் வைத்திருந்த ஸ்பேனர்கள். இந்த ஊர் மெக்கானிக் பையிலிருக்கும் எந்த ஸ்பேனரும் இந்த வண்டிக்குச் சேராது. 1841இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த் போல்ட்டுக்கு ஒரே அளவு வகுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. அவர் முறையில் ஸ்பேனரில் பொறித்த எண், நட்டின் அகலத்தைக் குறிக்காது, உள்ளே போகும் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். டபிள்யூ என்பது அவர் பெயரின் முதல் எழுத்து. அரை டபிள்யூ என்றால் அரை இஞ்ச் போல்ட். நட்டின் அகலம் 23.4 மில்லிமீட்டர். 23ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் ஏறாது. 24 ஏறும், ஆனால் ஆடும்.

“அந்த ஆட்டம்தான் சார் வண்டியைக் கெடுக்கும்” என்றார் மேஸ்திரி. பையன் இரண்டையும் ஒரு பழைய நட்டில் போட்டுக் காட்டினான். 24ஐப் போட்டு அழுத்தியதும் வழுக்கியது. நட்டின் ஆறு முனையிலும் கீறல், ஒரு முனை மழுங்கியேவிட்டது. 90 வருஷமாகக் கூராக நின்ற முனை. பிறகு அரை டபிள்யூவைப் போட்டான். ‘டக்’ என்று உட்கார்ந்தது, மயிரிழை கூட ஆடவில்லை. அந்த டின்னை அவருடைய வாத்தியார் ஓய்வுபெற்ற அன்று கொடுத்துவிட்டுப் போனாராம். கைப்பிடியில் கட்டை விரல் படும் இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. இரண்டு தலைமுறைக் கட்டை விரல்.

கூலியைக் கேட்டேன். அந்தக் கதவுக்கு 11 நாள் ஆகியிருக்கிறது. ஒரு நாளுக்கு 1,200 ரூபாய். வண்டி உரிமையாளர் நேராக இவரிடம் வரவில்லை. நடுவில் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வண்டியைக் கொண்டுவருவார், தொகை பேசுவார், முடிந்ததும் கொண்டுபோவார். உரிமையாளர் எவ்வளவு கொடுத்தார் என்று மேஸ்திரிக்குத் தெரியாது. கேட்டால் அடுத்த வண்டி வராது. கண்காட்சி நாளில் வண்டியின் பக்கத்தில் நின்று, ‘நாங்கள் மீட்டெடுத்தோம்’ என்று போட்டோவுக்கு நிற்பவரும் அந்த நடுவில் இருப்பவர்தான். சோப்புக் கோடு எப்போது கறுக்கும் என்று அவருக்குத் தெரியுமா? ஒரு முனையையாவது மழுங்காமல் கழற்றத் தெரியுமா? விளைவித்தவனுக்கு விலை தெரியக் கூடாது என்ற ஏற்பாடு நெல்லில் மட்டும் இல்லை, ரோல்ஸ் ராய்ஸிலும் இருக்கிறது. எனக்கு அன்று முழுக்க இந்தக் கோபம் அடங்கவில்லை.

தோல் விஷயத்திலும் இதே கதை. இருக்கைக்கு லண்டனிலிருந்து தோல் தருவிக்கச் சொல்லியிருக்கிறாராம் அந்த இடைத்தரகர். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய சென்னைத் தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. இங்கிருந்து சில நிறுத்தம் தள்ளி இருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு லண்டன் தோல்.

மேஸ்திரியிடம் இப்போது ஒரே ஒரு பையன்தான் கற்றுக்கொள்கிறான். பகலில் இங்கே, ராத்திரி உணவு டெலிவரி. இந்தப் பேட்டைப் பக்கத்திலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மதியம் மேஸ்திரியை அங்கே கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, பிள்ளைகளுக்குத் தகடு தட்டச் சொல்லிக்கொடுக்க வைத்தால் என்ன? “கூப்பிட்டா போவீங்களாண்ணே?” என்றேன். “எட்டாவது கூட முடிக்கலை, என்னை எதுக்கு சார் கூப்பிடப்போறாங்க” என்றார். காருக்குச் சான்றிதழ் தர அரசிடம் விதி இருக்கிறது. அந்தக் காரைக் கெடாமல் வைத்திருக்கும் கைக்கும் ஒன்று தர வேண்டும்.

கிளம்பும்போது அவர் கேட்டது பணமோ விளம்பரமோ இல்லை. பிஸ்கட் டின்னில் ஒரு ஸ்பேனர் குறைகிறது, கால் டபிள்யூ. எங்கோ தொலைந்து பல வருஷம் ஆகிறதாம். புதுப்பேட்டையில் தேடியும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய டூல் பெட்டி இருந்தால், இரும்புக்கடைக்குப் போடும் முன் ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துத் துடைத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து தெரிந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.