மற்றும் குழுவினர்

வார இதழ்களில் கதை முடிந்த பிறகு பக்கத்தின் அடியில் நாலு விரற்கடை இடம் மிஞ்சும். அதை நிரப்பப் போடுவதற்குத் துணுக்கு என்று பெயர். ஒரு நடிகையின் முதல் சம்பளம், ஒரு பாடகியின் இயற்பெயர், ஒரு பாட்டு பதிவான கதை என்று ஏதாவது இருக்கும். திரையிசையில் உழைத்த ஆண்களைப் பற்றி நான் புத்தகங்களில் படித்தேன். பெண்களைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி துணுக்குகளிலிருந்து வந்தது. இந்த வேறுபாடு பல ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது.

எங்கள் கல்லூரியின் முத்தமிழ் விழாவில் திரையிசை வினாடி வினாவுக்குத்தான் அரங்கு நிறையும். பத்தாண்டுகளுக்கு முன் கேள்வி தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முன்பிருந்தவர்கள் சேர்த்துவைத்த கோப்பும் கூடவே வந்தது. ஒரு விடுமுறையில் உட்கார்ந்து, பெண்ணின் பெயர் விடையாக வரும் கேள்விகளை மட்டும் தனியே எழுதிப் பார்த்தேன். ‘இந்தப் பாடலைப் பாடியவர் யார்?’ என்பது முதல் வகை. ‘இதைச் செய்த முதல் பெண் யார்?’ இரண்டாவது. ‘இன்னாருடைய மகள் யார், மனைவி யார்?’ மூன்றாவது. நான்காவது வகை கிடையாது. இசையமைத்தவர், எழுதியவர், வாசித்தவர் என்று கேட்டால் கோப்பு முழுக்க விடை ஆண்தான்.

கே.பி. சுந்தராம்பாள் அந்தக் கோப்பில் பலமுறை வருகிறார். ‘தமிழ்த் திரையில் முதன்முதலில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியவர் யார்? எந்தப் படம்?’ விடை: சுந்தராம்பாள், ‘பக்த நந்தனார்’, 1935. மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்தப் படத்தில் அவர் ஏற்ற வேடம் நந்தனார், ஆண் வேடம். அவருடைய ஆண்டையான வேதியராக நடித்தவர் கர்நாடக இசையின் பெரிய வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்புதான் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்திருந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைப் புடவைக்கு மாறிவிட்ட, மேடையே வேண்டாம் என்றிருந்த ஒரு பெண்ணைத் திரைக்கு அழைத்துவரக் கொடுக்க வேண்டியிருந்த விலை அந்த ஒரு லட்சம். துணுக்கு அந்தத் தொகையைப் பார்த்து வியக்கிறது. ஒரு கலைஞர் தன் உழைப்புக்குத் தானே விலை சொன்னார், சந்தை அதைக் கொடுத்தது என்று அதை வாசிக்கலாம். அப்படி வாசித்தால் 1951இல் அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குப் போனது இன்னொரு தனித் துணுக்காக இருக்காது. அதன் தொடர்ச்சியாக இருக்கும்.

‘முதல் பெண்’ கேள்வியில் எனக்குள்ள சிக்கல் இதுதான். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதலில் பெற்றவர் பி. சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’ (1968) படத்துக்காக. பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞர் எம்.எஸ். சுப்புலட்சுமி, ஆண்டு 1998. இவை சொல்லப்பட வேண்டியவை. ஆனால் முதல்வர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. இரண்டாவது பெண், பத்தாவது பெண் யாரென்று எவரும் கேட்பதில்லை. கதவைத் திறந்தவரின் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிற கேள்வி அது.

மூன்றாம் வகைக்குப் பவதாரிணி. ‘தந்தையின் இசையில் பாடித் தேசிய விருது பெற்ற பாடகி யார்?’ படம் ‘பாரதி’ (2000). கேள்வியிலேயே தந்தை உட்கார்ந்திருக்கிறார். ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ (2002) படத்துக்கு இசையமைத்தவர் யார் என்று கேட்டாலும் அதே பெயர்தான் விடை. ஒரு பெண் இயக்கிய படத்துக்கு ஒரு பெண் இசையமைத்திருக்கிறார். 2024 ஜனவரியில் பவதாரிணி இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் ‘மகள்’, ‘தேன்குரல்’ என்ற இரண்டு சொற்களையே அதிகம் பார்த்தேன். இசையமைப்பாளர் என்ற சொல்லைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

கவிதை எழுதுகிறவள் என்பதால் எனக்கு மிக நெருக்கமான துணுக்கு ரோஷனாரா பேகத்தைப் பற்றியது. எம்.ஜி.ஆர். நடித்த ‘குடியிருந்த கோயில்’ (1968) படத்தில் குங்குமப் பொட்டைப் புகழ்ந்து தொடங்கும் ஒரு டூயட் உண்டு. இசை எம்.எஸ். விசுவநாதன். எழுதியவர் ரோஷனாரா பேகம். வினாடி வினாக்காரர்களுக்கு இது அல்வா மாதிரி. குங்குமத்தைப் பாடியவர் இஸ்லாமியப் பெண் என்றதும் அரங்கில் ஒரு ‘ஓ’ எழும். அந்த ‘ஓ’ அவருடைய மதத்துக்குக் கிடைக்கிறது, கவிதைக்குக் கிடைப்பதில்லை. கண்ணதாசனும் வாலியும் புகழின் உச்சியில் இருந்த காலத்தில், ஒரு பெண் மெட்டுக்குச் சொல் பொருத்தி, அது இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறதென்றால் அதில் எவ்வளவு தொழில் இருக்கிறது! தாமரை ‘மின்னலே’ (2001) படத்தில் எழுதியது 33 ஆண்டுகள் கழித்து. உமாதேவி ‘மெட்ராஸ்’ (2014), ‘கபாலி’ (2016) படங்களில் எழுதியது அதற்கும் பிறகு. இவர்களை ஒரே வரிசையில் வைத்துப் பேசினால் அது ஒரு மரபு. தனித்தனியே சொன்னால் மூன்று துணுக்குகள்.

இது தமிழ்ச் சினிமாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எங்கள் போட்டியில் ஆங்கிலத் துறை நடத்தும் மேற்கத்திய இசைச் சுற்றிலும் இதே கதைதான். ‘ஹவுண்ட் டாக்’ யாருடைய பாட்டு என்றால் எல்விஸ் பிரெஸ்லி என்று உடனே மணி அடிப்பார்கள். எல்விஸ் பாடியது 1956இல். 1953இலேயே அதை வெளியிட்டுக் கறுப்பினத்தவர் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் பிக் மாமா தார்ன்டன். எழுதிய இருவரும் வெள்ளை இளைஞர்கள், எழுதியதே அவருக்காகத்தான். ஐந்நூறு டாலர் காசோலை ஒன்றோடு தன் கணக்கு முடிந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை 1963இல் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கியவர் டெலியா டெர்பிஷைர். மெட்டமைத்த ரான் கிரெய்னர் அவருக்கும் பங்கு தர விரும்பினார். நிறுவன விதி இடம் தரவில்லை. திரையில் டெலியாவின் பெயர் வந்தது 2013இல். அவர் 2001லேயே இறந்துவிட்டார்.

போட்டியில் யார் மணி அடிக்கிறார்கள் என்பதையும் கவனித்து வருகிறேன். எங்கள் மாணவிகளுக்குப் பாட்டின் மூன்று சரணமும் தலைகீழாகத் தெரியும். எந்த இடத்தில் புல்லாங்குழல் வரும், எங்கே மூச்சு விடவேண்டும் என்பது வரை தெரியும். மாணவர்களுக்குப் படம், ஆண்டு, கேசட் கம்பெனி தெரியும். அவர்கள் டீக்கடையில், சவுண்டு சர்வீஸ் அண்ணன்களிடம், பேருந்தின் கடைசி இருக்கையில் அதைக் கற்றார்கள். பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டதால் பாட்டைக் கற்றார்கள். போட்டி இரண்டாவது வகை அறிவுக்கு மட்டும் மதிப்பெண் தருகிறது.

இசைத்தட்டு வந்த புதிதில் நிலைமை சற்று வேறாக இருந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளில் பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். யார் பாடியது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்கான ஏற்பாடு. காரணம் எதுவானாலும், ஒரு பெண் தன் வேலையின் முடிவில் தன் பெயரைச் சொல்லி நிறுத்துவது கேட்க எனக்குப் பிடிக்கும். கோயம்புத்தூர் தாயியின் தட்டைக் கேட்டு மோரிஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசைஞர் ‘ராகமாலிகா’ என்ற குரலுக்கும் பியானோவுக்குமான இசையையே எழுதினார். தேவதாசி மரபில் வந்த அந்தப் பெண்களைக் ‘கௌரவமான’ சங்கீதம் பிறகு ஓரங்கட்டியது. தட்டில் பதிந்த பெயரை மட்டும் அழிக்க முடியவில்லை.

பெயர் எப்படி மறைகிறது என்பதை நான் சங்க இலக்கிய வகுப்பில் கற்றுக்கொண்டேன். சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ‘ஆர்’ என்ற மரியாதை விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பது அதற்கு ஒரு காரணம். பல இடங்களில் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. வானொலியில் ‘பாடியவர்கள் பி. சுசீலா மற்றும் குழுவினர்’ என்று அறிவிப்பார்களே, அந்தக் ‘குழுவினர்’ என்பதும் பலர்பால். அதற்குள் எத்தனை பெண்கள் என்று இலக்கணம் சொல்லாது. 2016இல் சுசீலாவுக்குக் கின்னஸ் சான்று கிடைத்தபோது கணக்கில் வந்தவை 17,695 பாடல்கள்: தனிப்பாடல், இருகுரல் பாடல், குழுவினரோடு பாடியவை. அந்தக் கடைசிச் சொல்லுக்குள் நிற்பவர்களுக்கு எந்த எண்ணும் இல்லை.

என் சித்தி அந்தச் சொல்லுக்குள் நிற்பவர். எழுபதுகளின் இறுதியில் மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் ஐந்து ஆண்டுகள் பாடினார். திருவிழா நோட்டீசில் ‘சுசீலா குரல்’ என்று போட்டிருக்கும். அவ்வளவுதான், கீழே ஆள் பெயர் இருக்காது. ஒருமுறை சென்னைக்குப் போய் ஒரு பக்திப் பாடல் இசைத்தட்டில் கோரஸ் பாடினார். முப்பது ரூபாயும் பஸ் கட்டணமும். பணத்தைத் தாத்தா கையில்தான் கொடுத்தார்கள். கல்யாணம் ஆனதும், ‘எங்க வீட்டுப் பொம்பளைங்க மைக் பிடிக்க மாட்டாங்க’ என்றார்கள். சித்தி அதன்பிறகு மைக் பிடிக்கவில்லை.

பாட்டு விவரம் எதைக் கேட்டாலும் சித்தி சொல்வார். இலங்கை வானொலி கேட்டு எழுதிய ஆறு நோட்டுகள் அவரிடம் இருக்கின்றன: படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நான்கு கட்டம் போட்டவை. சித்தப்பாவும் பழைய பாட்டு விவரங்கள் சொல்வார். அவரை உறவினர்கள் ‘நல்ல ரசிகர்’ என்பார்கள். சித்தியைச் ‘சினிமாப் பைத்தியம்’ என்பார்கள்.

போன வருடம் அந்தத் தட்டை ஒருவரிடம் கொடுத்து அலைபேசிக்கு மாற்றிக்கொண்டு போனேன். உறையில் பாடகரின் படமும் பெயரும் பெரிதாக இருக்கின்றன. கீழே ‘மற்றும் குழுவினர்’. சித்தி காதோடு வைத்துக் கேட்டார். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் நான்கு குரல்கள் சேர்ந்து ஏறும் ஓர் இடம் வந்தது. “மேல போற அந்தக் குரல் நான்தாத்தா” என்றார். பெயரைப் போட்டிருக்கலாமே என்றேன். “அதெல்லாம் எங்க போட்டாக? நாலு பேரும் ஒரு பிளாஸ்க் காப்பிய குடிச்சுட்டுப் பாடிட்டு வந்தோம்” என்று சொல்லி, மற்ற மூவரின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அந்த மூன்று பெயர்களையும் அவர் வைத்திருக்கிறார். வேறு எங்கும் அவை இல்லை. நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு நால்வர் பெயரையும் எழுதச் சொன்னேன். தன் பெயரைக் கடைசியில் எழுதினார்.

இந்த ஆண்டு முத்தமிழ் விழாவில் ஒரு சுற்றிலிருந்து மணியை எடுத்துவிட்டேன். கேள்வியை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்: உங்கள் ஊரில் கச்சேரி, கோரஸ், பாண்டு, கரகாட்டம், சர்ச் பாடற்குழு எதிலாவது பாடிய அல்லது வாசித்த ஒரு பெண்ணின் பெயர், அவர் செய்த வேலை, ஆண்டு. பையன்களும் கேட்டுக்கொண்டு வரவேண்டும். இருபத்து மூன்று தாள்கள் வந்தன. கல்யாணக் கச்சேரிகளில் தபேலா வாசித்த ஒருவர், பாட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டே பாடிய ஒருவர், மணமேடைக்குப் பின்னால் மறைவாக உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்த ஒருவர்.

ஒரு தாளில் மட்டும் ‘பெயர் தெரியாது, ரயில்வே காலனி அக்கா என்பார்கள்’ என்று இருந்தது. வெள்ளிவீதியாருக்கும் அவர் தெருவின் பெயர்தான் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. அவரிடம் போய்க் கேட்க இனி வழியில்லை. இந்த அக்கா இருக்கிறார். போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று தாளை மாணவியிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.