சிவகாசிக் காகிதத்தில் இறையில்லம்

கஃபாவின் படமோ மதீனாவின் பச்சைக் குப்பாவோ சுவரில் இல்லாத முஸ்லிம் இல்லங்கள் நம் நாட்டில் குறைவு. தொழுகை நேரங்களைத் தாங்கிய நாட்காட்டிகளில் ஆண்டுதோறும் அவை புதுப்பொலிவுடன் வந்து சேருகின்றன. தமிழகத்தில் அவற்றுள் பெரும்பாலானவை பிறக்குமிடம், விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி.

விருதுநகரிலிருந்து தென்மேற்கே திருத்தங்கல் வழியாகச் செல்லும் இரயில் பாதை அவ்வூரை அடைகிறது. மழை குறைந்த வறண்ட பூமி. உழவுக்குப் பகையான அவ்வெப்பமே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் துணையாயிற்று. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்ற பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் ஊர் திரும்பி அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியில் ஒட்ட வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. அத்தேவையே அச்சகங்களை வளர்த்தது.

அச்சகத்திற்கு ஓவியம் வேண்டும். 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய ரவி வர்மா, தம் எண்ணெய் வண்ண ஓவியங்களைக் கல்லச்சுப் படங்களாக்கி எளியோர் வீட்டுச் சுவர் வரை கொண்டு சேர்த்தார். அம்மரபின் தாக்கத்தோடு, கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் சிவகாசி நாட்காட்டிக்கெனத் தனிப் பாணி வகுத்தனர். அவர்கள் புகழ் பெற்றது இந்துக் கடவுளர் படங்களால். அத்தகைய படங்கள் அச்சான சிவகாசியிலேயே நம் புனிதத் தலங்களும் காகிதத்தில் எழுந்தன.

கஃபாவைத் தீட்டுவோருக்கு உருவமோ முகமோ துணையில்லை. ஏறத்தாழ 13 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடம், கறுப்புப் போர்வை, பொன்னெழுத்துப் பட்டை, அவ்வளவே. தீட்டிய ஓவியத்தைப் புகைப்படமெடுத்து, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகளாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டனர். இன்று தூரிகையின் இடத்தைப் பெரும்பாலும் கணினி பிடித்துக்கொண்டது.

இப்படங்களைத் தீட்டியோரிலும் அச்சிட்டோரிலும் மாற்றுச் சமயச் சகோதரர்கள் பலர். மக்கா நகருக்குள் நுழையும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. ஆயினும் ஹஜ்ஜுக்குச் செல்ல வசதியற்ற எத்தனையோ தாய்மார்கள், அவர்கள் உழைப்பில் உருவான படத்தைப் பார்த்தே ஏக்கத்தை வளர்த்தனர், துஆச் செய்தனர்.

படம் கிப்லா அன்று, வணக்கத்திற்குரியதும் அன்று. நினைவூட்டும் காகிதமே அது. எனினும் அதில் அல்லாஹ்வின் திருநாமம் பொறிக்கப்பட்டிருக்கிறது. கஃபாவின் போர்வை ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. 2022 முதல் முஹர்ரம் முதல் நாளில் அது நடைபெறுகிறது. களைந்த போர்வையை எவரும் தெருவில் எறிவதில்லை. நம் வீட்டுப் பழைய நாட்காட்டியோ அடுப்படி அலமாரிக்கு விரிப்பாகிறது; பொட்டலத் தாளாகிறது; இறுதியில் குப்பைமேட்டில் மிதிபடுகிறது. திருநாமம் தாங்கிய தாளைக் கால் படாத தூய இடத்தில் புதைப்பது மார்க்க அறிஞர்கள் காட்டிய வழிகளுள் ஒன்று.

புதிய நாட்காட்டி மாட்டும் நாளில் பழையதற்கு அந்த மரியாதையைச் செய்வோம். அதன் அடியில் சிறு எழுத்தில் சிவகாசி என்று அச்சாகியிருந்தால், பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, அங்கே உழைத்த கைகளைப் பற்றியும் சொல்லிக் கொடுப்போம்.