ரவை நிற்கும் இடம்

வன்னிக் கமக்காரர்கள் துப்பாக்கி என்று சொல்வது குறைவு. துவக்கு என்பதே அவர்களுடைய வழக்கு. நெடுங்கேணி அடங்கும் வவுனியா வடக்கில் வெடிவைத்தகல்லு என்று ஓர் ஊரே இருக்கிறது. காடு வெட்டி, குளம் கட்டி, வயல் செய்த மண்ணில் மிருகத்தோடு பங்குச் சண்டை என்றும் இருந்து வந்திருக்கிறது.

நெடுங்கேணியில் கச்சானும் உழுந்தும் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார். என்னிலும் மூத்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு எழுதிப் போடப் போறன். சின்ன றைபிளோ, சொட்கன்னோ, எது நல்லது? உங்கட வாப்பாவிட்ட முந்தி ஒண்டு இருந்ததெல்லே?"

இருந்தது. நாங்கள் தண்ணீரூற்றில் வாழ்ந்த காலத்தில் வாப்பாவிடம் உரிமம் பெற்ற பன்னிரண்டு போர் சொட்கன் ஒன்று இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஓர் இரவு, ஆயுதத்தோடு வந்தவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். 1990 ஒக்டோபரில் ஊரையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. துவக்கைப் பற்றி வாப்பா சொல்லித்தந்தவை மட்டும் புத்தளம் வரை எங்களோடு வந்தன.

அண்ணையின் கேள்விக்கு முதலில் மிருகத்தைப் பார்க்க வேண்டும். கச்சானைக் கிளறிப் போடுவது இரவில் வரும் காட்டுப்பன்றி. மரவள்ளியைத் தோண்டுவது முள்ளம்பன்றி. விதைத்ததைப் பொறுக்குவது மயில். பகலில் கூட்டமாக வருவது குரங்கு. இத்தனைக்கும் ஒரே துவக்கு பதில் சொல்லாது.

அவர் சின்ன றைபிள் என்றது .22ஐ. குழலின் விட்டம் 5.6 மில்லிமீற்றர், ரவை ஏறத்தாழ 2.6 கிராம். சத்தம் குறைவு, தோட்டா மலிவு, குறி துல்லியம். அமெரிக்க விவசாயிகள் வூட்சக் என்னும் பிராணியைக் கொல்ல இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அது நிலத்தில் வளை தோண்டி அவரைப் பயிரைத் தின்னும். எடை இரண்டு முதல் ஆறு கிலோ. 2002இல் அங்கே .17 என்று இன்னும் சிறியதொன்று வந்தது. அதன் ரவை ஒரு கிராமைச் சற்றே தாண்டும். வேகம் செக்கனுக்கு எழுநூறு மீற்றருக்கு மேல்.

வூட்சக்குக்குப் போதுமானது வளர்ந்த காட்டுப்பன்றிக்குப் போதாது. சின்ன ரவை பட்ட பன்றி விழாது. பற்றைக்குள் ஓடி, நாட்கணக்கில் அழுகிச் சாகும். அல்லது தேடிப் போனவனின் தொடையைக் கிழிக்கும். இன்னுமொன்று: அந்தச் சின்ன ரவை குறி தவறினால் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் ஆளைக் கொல்லும். வன்னி தட்டையான நிலம். வரம்புக்கு அந்தப் பக்கம் இன்னொருவருடைய காவல் கொட்டில். மரத்திலிருக்கும் குரங்குக்கு வைத்த வெடி வானத்துக்குப் போகிறது. அது யார் முற்றத்தில் இறங்கும்?

பன்னிரண்டு போர் என்றால் குழலின் அளவுக்குச் செய்த ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு இறாத்தல் என்று பொருள். எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு, ஒன்பது பெரிய ரவைகள் இருக்கும். முப்பது, நாற்பது மீற்றருக்குள் பன்றி விழும். தூரம் கூடக் கூட ரவை சிதறி வலுவிழக்கும். இங்கே பயிர்ப் பாதுகாப்புக்கு அரசு கொடுப்பதும் பெரும்பாலும் இந்தச் சொட்கன்தான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

வாப்பாவின் விதிகள் மூன்று. சத்தத்துக்குச் சுடாதே. ரோச் வெளிச்சத்தில் கண் மட்டும் மினுங்கினால் சுடாதே. அது அயலவனின் மாடாக இருக்கலாம். மிருகத்துக்குப் பின்னால் மண் தெரியாவிட்டால் சுடாதே. சுட்ட பன்றியை அவர் தொடமாட்டார். விடியுமுன் அயல்வீட்டுத் தமிழர்கள் வந்து தூக்கிப் போவார்கள். ஆனால் அது உடனே செத்ததா என்று கட்டாயம் விசாரிப்பார். கொல்லும்போதும் அழகிய முறையில் கொல்லுங்கள் என்ற நபிமொழி அவருக்கு அறுவைக் கத்தியோடு முடிந்துவிடவில்லை.

இன்னொரு நபிமொழியும் உண்டு. ஒருவர் நட்ட பயிரிலிருந்து பறவையோ, மனிதனோ, விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகா. அப்படியென்றால் காவல் எதற்கு என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "தின்னுறது ஸதகா, மகன். உழக்கி நாசமாக்கினா நாம கடனை என்னத்தால கட்டுற?" என்றார். இரவில் வயலில் புகுந்த ஆடுகளின் வழக்கைத் தாவூத் நபியும் சுலைமான் நபியும் தீர்த்தது குர்ஆனில் வருகிறது. அந்த ஆடுகளுக்கு உடையவன் இருந்தான். காட்டுப்பன்றிக்கு இல்லை.

குரங்குக்கும் மயிலுக்கும் துவக்கு தீர்வல்ல. ஒன்றைச் சுட்டால் கூட்டம் மறுநாள் வரும். அன்றியும் மயில் முருகனின் வாகனம், குரங்கு அனுமார். அண்ணைக்குக் கை எழாது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மலை அணிலையும் எண்ணினோம். எண்ணி முடித்ததும் அவை திரும்பவும் வயலுக்குள்தான் இறங்கின.

துவக்குக் கிடைக்காதவர்கள் கட்டுத்துவக்குக் கட்டுகிறார்கள். தீனுக்குள் ஹக்கபட்டாஸ் வைக்கிறார்கள். கம்பியில் கால் தட்டுவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா என்று கட்டுத்துவக்குக்குத் தெரியாது. ஹக்கபட்டாஸைக் கடித்த யானைக்கன்று வாய் சிதறிப் பட்டினியில் சாகிறது. இரண்டும் சட்டவிரோதம். சட்டம் இல்லாவிட்டாலும் வாப்பாவின் மூன்று விதிகளில் ஒன்றைக்கூட அவை தாண்டா.

ஆகவே சொட்கன் என்றே சொன்னேன். விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்தேன். தேநீர் கொண்டுவந்த அக்கா அதை எட்டிப் பார்த்தார்.

"பண்டி திண்டாத் திண்டிட்டுப் போகட்டும். இந்த வீட்டுக்குள்ள இனி ஒரு துவக்கு வரக்கூடாது."

1997இல் ஜெயசிக்குறுய் இராணுவமும் 1999இல் புலிகளும் நெடுங்கேணியைக் கைப்பற்றிய வழியெல்லாம் அறிந்த வீடு அது. அண்ணை ஒன்றும் பேசவில்லை. கச்சானுக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. இந்தப் போகமும் அவர் தகரத்தோடும் ரோச்சோடும் நாயோடும்தான் கொட்டிலில் விழித்திருக்கிறார். விண்ணப்பம் இன்னும் கையொப்பமிடப்படாமல் றங்குப்பெட்டிக்குள் கிடக்கிறது.