சுவரின் ஈரம்

2017 மாசியில் ஒரு வீடு வாங்கினேன். குடியிருப்பதற்கல்ல, திருத்தி வாடகைக்கு விடுவதற்கு. கிழக்கு லண்டனில் ஈஸ்ற்ஹாம் பகுதியில், நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொடர்வீடுகளில் ஒன்று. மூன்று வருடமாக ஆளில்லாமல் கிடந்து ஏலத்துக்கு வந்தது. இந்த நாட்டு ஏலத்தில் சுத்தியல் விழுந்த கணமே ஒப்பந்தம் முடிந்துவிடும். பத்து வீதத்தை அன்றே கட்டவேண்டும், மிச்சத்துக்குப் பெரும்பாலும் 28 நாள். இரண்டாவது வீடு என்பதால் முத்திரை வரியிலும் மூன்று வீதம் கூட. 2024 ஐப்பசிக் கடைசியில் அது ஐந்து வீதமாகிவிட்டது.

குடியிருக்கும் வீட்டின்மேல் கடன் எடுத்துத்தான் இதைச் செய்தேன். கொப்பியில் கணக்கெழுதினேன். திருத்த வேலைக்கு 30,000 பவுண், காலம் பத்துக் கிழமை. பதினொராவது கிழமை வாடகை வரும். கொப்பியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வேலையை எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். எழுத்தில் எதுவுமில்லை. ஊரவனிடம் கடதாசி கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். சாமான் வாங்க வேணும் என்றார். பாதிக் காசைக் கையில் கொடுத்தேன். நாலாம் கிழமையிலிருந்து இரண்டு நாள் வருவார், மூன்று நாள் வேறெங்கோ போய்விடுவார். காசை முன்கூட்டிக் கொடுத்துவிட்டவனுக்குக் கோபிக்கவும் உரிமையில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. முடிந்த வேலைக்கு மட்டும் கட்டம் கட்டமாகக் காசு கொடுத்திருக்கவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு மேல் வெறுமையாகக் கிடந்த வீட்டைத் திருத்தும்போது, வற் வரி 20 வீதத்துக்குப் பதிலாக ஐந்து வீதம்தான். ஆனால் வற் பதிவுள்ள ஒப்பந்தகாரர் முறைப்படி பில் எழுதவேண்டும். எங்களவருக்கு அந்தப் பதிவு இல்லை. சாமான் எல்லாவற்றுக்கும் 20 வீதம் கட்டினேன்.

மற்றப் பிழை முழுக்க என்னுடையது. முதலில் சமையலறையைப் போடச் சொன்னேன். பளபளவென்று ஏதாவது தெரிந்தால் மனைவிக்கும் நம்பிக்கை வரும் என்ற ஆசை. பிறகு வந்த மின்சாரக்காரர் சுவருக்குள் ஓடிய வயர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். றப்பர் உறையிட்ட பழைய வயர், தொட்டாலே உதிர்ந்தது. புதுப் பெட்டகங்களைக் கழற்றிச் சுவரைக் கொத்தினோம். கூரை, தண்ணீர்க் குழாய், ஈரம், மின்சாரம், பிறகு பூச்சு. சமையலறையும் பெயின்ற்றும் கடைசியில். இந்த வரிசையைக் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

அந்த வரிசையில் ஈரத்திடம் வந்தபோதுதான் உண்மையான சோதனை. பின்னறையின் தோட்டப்பக்கச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுத்த பூஞ்சணம்.

"அண்ணை, உது வாடகைக்கு விடுற வீடுதானே. போர்ட் அடிச்சுப் பெயின்ற் பூசிவிட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஊர்க்காரர். "இரண்டு நாள் வேலை."

அவர் சொன்னதில் கணக்குப் பிழையில்லை. வட்டிக்கு நித்திரை கிடையாது. அது இரவிலும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். வீடு பார்க்க அன்று கூட வந்திருந்த மனைவி ஒன்றும் கதைக்கவில்லை. உள்ளங்கையை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றா.

1989இல் நாங்கள் மூவரும் ஒரே அறையில் இருந்தோம். ஒவ்வொரு இரவும் அவ இப்படித்தான் சுவரைத் தொட்டுப் பார்த்து, எந்த மூலை காய்ந்திருக்கிறதோ அங்கே மகளின் தொட்டிலை இழுத்து வைப்பா. மகளுக்கு இழுப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, யன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். பிறகு வந்து பெயின்ற் அடித்தார். ஆறு கிழமையில் கறுப்பு மீண்டும் வந்தது.

ஊர்க்காரரின் கணக்கை முடித்து அனுப்பினேன். கொடுத்த காசில் ஒரு பங்கு திரும்பி வரவேயில்லை.

பிறகு வந்தவர் வயதான ஓர் அயர்லாந்து மேசன். உள்ளே சுவரைப் பார்க்கவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனார். இந்தக் காலத்து வீடுகளில், நிலத்து ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் ஸ்லேற் கல் வரிசை ஒன்று வைத்திருப்பார்கள். வெளித்தரை அதற்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்கவேண்டும். யாரோ முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டு, அந்த வரிசைக்கு மேலாகத் தரையை உயர்த்தியிருந்தார்கள். பலகைத் தளத்துக்கு அடியில் காற்றோட வைத்த துளைச்செங்கற்களும் மூடுண்டிருந்தன. போதாததற்கு வெளிச்சுவர் முழுக்கச் சீமெந்துப் பூச்சு. உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பலகையைக் கிளப்பினால், சுவருக்குள் செருகிய மரச்சட்டங்களின் நுனிகள் உளுத்து, விரலால் நோண்டக்கூடியதாக இருந்தன.

கொங்கிறீற்றை வெட்டித் தரையைத் தாழ்த்தினோம். செங்கற் துளைகளைத் திறந்தோம். சட்டங்களை மாற்றினோம். சீமெந்தைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினார். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும் என்று அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் அப்பு கட்டிய வீடு சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. சீமெந்து வந்ததும் அதைக் கொத்திவிட்டுப் பூசியதுதான் நாகரிகம் என்று நாங்கள் நினைத்தோம்.

சாந்து காயக் கிழமைக்கணக்கில் காத்திருந்தோம். பத்துக் கிழமை ஏழு மாதமாயிற்று. 30,000 பவுண் 41,000 ஆயிற்று. எந்தப் பழைய வீட்டுக்கும் மதிப்பீட்டின் மேல் 15 வீதமாவது ஒதுக்கி வை என்று இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு அதுவும் போதாமல் போயிருக்கும்.

2020 மார்கழியில் ரொச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022 கார்த்திகையில் மரண விசாரணை முடிவு வந்தது. பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டிருந்தார்கள். செய்தியைப் படித்த இரவு, போர்ட் அடித்துவிட்டால் ஆருக்குத் தெரியப்போகுது என்ற குரல் காதில் கேட்டது. அதற்குச் சரி சொல்ல இருந்த என் குரலும் கேட்டது.

வீடு பார்க்க முதலில் வந்தவ கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண். புதுச் சமையலறையைத் திறந்து காட்டினேன். அவ அதைக் கவனிக்கவில்லை. பின்னறைக்குப் போய், குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தா.

இப்போதும் ஒவ்வொரு ஐப்பசியும் அவர்களுக்குச் சொல்லிவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போவேன். துளைச்செங்கல்லை அடைத்திருக்கும் இலைகளைக் கிளறி எடுத்துவிட்டு வருவேன். ஐந்து நிமிட வேலை.