அளவற்ற தரவும் ஓர் அஞ்சலிக் கட்டுரையும்

2019 ஜூலையில் நான் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் மகனின் வீட்டில் தங்கியிருந்தேன். ஓய்வுபெற்ற பத்திரிகையாளனுக்கு ஓய்வு என்பது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் என்பதை இத்தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள். ஒரு நாள் இரவு கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எனக்குத் தொழில் கற்றுத் தந்த செய்தி ஆசிரியர் காலமாகிவிட்டார். "ஐயா, அஞ்சலிக் கட்டுரையை நீங்கள்தான் எழுதவேண்டும். மாலை ஆறு மணிக்குப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிடுவோம்" என்றார் இப்போதைய ஆசிரியர். அவருடைய மாலை ஆறு மணி எனக்குக் காலை எட்டரை மணி.

இரவு முழுவதும் மடிக்கணினியில் எழுதினேன். ஆயிரத்து நூறு சொற்கள். விடியும் வேளையில் இடியும் மழையுமாகக் கொட்டியது, மின்சாரம் நின்றது. அதனுடன் வீட்டின் வைஃபையும் நின்றது. மகன் வேலை நிமித்தம் வேறு மாநிலம் சென்றிருந்தான். மருமகள் வைத்தியசாலையில் இரவுக் கடமையில் இருந்தார். ஆனாலும் நான் பதறவில்லை. மடிக்கணினியின் மின்கலத்தில் மூன்று மணி நேரத்துக்கு மிச்சமிருந்தது. கையடக்கத் தொலைபேசியில் சமிக்ஞை முழுமையாக இருந்தது. வந்த வாரத்தில் கடையொன்றில் வாங்கிய முற்கொடுப்பனவு சிம் அட்டை அது. 'அளவற்ற தரவு' என்று உறையிலே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எமது நாட்டின் மின்வெட்டு இரவுகளில் எத்தனையோ தடவை செய்ததைப் போலவே ஹொட்ஸ்பொட்டை இயக்கினேன்.

மடிக்கணினி இணைந்தது. ஆனால் எந்த முகவரியைத் தட்டினாலும் ஒரே பக்கம்தான் வந்தது. தங்கள் திட்டத்தில் இவ்வசதி சேர்க்கப்படவில்லை, மேலதிகக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம் என்றது. செலுத்தவும் முயன்றேன். எனது இலங்கை வங்கி அட்டைக்கு அமெரிக்கத் தபாற் குறியீடு ஒன்று வேண்டுமாம். வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். இருபது நிமிட இசைக்குப் பின்னர் பேசிய பெண் மிகவும் மரியாதையானவர். தொலைபேசியில் பார்ப்பதற்கு மட்டுமே அளவற்றது, கணினிக்கு அல்ல என்று பொறுமையாக மூன்று முறை விளக்கினார். அப்பெண் மீது எனக்குக் கோபமில்லை. நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. அந்நாட்டில் பல நிறுவனங்கள் அப்படித்தான் விற்றன.

(கோப்பைக் கேபிள் மூலம் தொலைபேசிக்கு மாற்றி அனுப்பியிருக்கலாமே என்று இளைய வாசகர்கள் கேட்பார்கள். மகனும் கேட்டான். அன்று காலை எனக்கு அது தோன்றவேயில்லை.)

நான் காசு கொடுத்து வாங்கிய தொலைபேசி, என் மேசையில் என் கணினிக்கு என்ன செய்கிறது என்பது அந்த நிறுவனத்துக்கு எப்படித் தெரிந்தது? பின்னாட்களில் தேடிப் படித்தேன். இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியும் ஓர் எண்ணைச் சுமந்து செல்கிறது. வழியில் ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும். பூச்சியத்தை அடைந்தால் பொதி கைவிடப்படும். வழிதவறிய பொதி முடிவின்றிச் சுற்றாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. தொலைபேசிகளில் இந்த எண் வழக்கமாக 64 இல் தொடங்குகிறது, விண்டோஸ் கணினிகளில் 128 இல். கணினியின் பொதி தொலைபேசி வழியாகப் போகும்போது தொலைபேசியே ஒரு திசைவியாகிவிடுவதால் ஒன்று குறைந்து 127 ஆக வெளியே வருகிறது. வாசலில் நிற்பவர் எண்ணைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடலாம். இதுவும் போதாதென்று, ஹொட்ஸ்பொட்டை இயக்கும்போது பல தொலைபேசிகள் தாமாகவே வலையமைப்பிடம் அனுமதி கேட்கின்றன. நாம் விலை கொடுத்து வாங்கிய நாய் அயல் வீட்டுக்குக் காவல் இருக்கிறது.

நிறுவனங்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சிறு திரையில் ஒருவர் எவ்வளவு பார்ப்பார் என்று கணக்கிட்டுத்தான் அளவற்ற திட்டத்துக்கு விலை வைக்கிறார்கள். நான்கு கணினிகளை அதில் மாட்டினால் கணக்குப் பிழைக்கும். ஒரே கோபுரத்தைப் பாவிக்கும் அயலவருக்கும் வேகம் குறையும். சரி. ஆனால் அப்படியானால் உறையில் 'அளவற்ற' என்ற சொல்லை அச்சிடக்கூடாது. அளந்து விற்கும் திட்டத்துக்கோ இந்த நியாயமும் பொருந்தாது. 2010 ஜூனில் ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் 2 ஜிகாபைட் தரவை 25 டொலருக்கு விற்றது. அதே 2 ஜிகாபைட்டைக் கணினியுடன் பகிர்வதற்கு மேலும் 20 டொலர். அந்த 20 டொலருக்கு ஒரு துளி தரவும் மேலதிகமாகக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணறுகளில் தண்ணீருக்கு முறை வைப்பார்கள். முறை தவறினால் வாய்ச்சண்டை வரும், வழக்கும் வரும். ஆனால் எனது முறையில் நான் இறைத்த தண்ணீர் புகையிலைக்குப் போனதா வெங்காயத்துக்குப் போனதா என்று பங்காளி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அமெரிக்காவிலேயே இது கேள்விக்குள்ளானது. 2008 இல் ஏலம் விடப்பட்ட 700 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையின் ஒரு பகுதியை, பாவனையாளர் விரும்பும் கருவியையும் செயலியையும் தடுக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் வெரைசன் நிறுவனம் பெற்றது. பின்னர், இணைப்பைப் பகிரும் செயலிகளைத் தமது வாடிக்கையாளருக்குக் கிடைக்காமல் செய்யுமாறு கூகுளின் செயலிக் கடையைக் கேட்டுக்கொண்டது தொடர்பாக விசாரணை வந்தது. 2012 ஜூலை 31 அன்று, 12.5 இலட்சம் டொலரைத் திறைசேரிக்குச் செலுத்தி அது விவகாரத்தை முடித்துக்கொண்டது. அளந்து வாங்குவோர் மேலதிகக் கட்டணமின்றிப் பகிரலாம் என்றாயிற்று. பழைய அளவற்ற திட்டக்காரர்களிடம் கட்டணம் அறவிட மட்டும் வழி விடப்பட்டது. ஐரோப்பாவிலும் வொடபோனின் ஜேர்மன் திட்டமொன்றில், குறித்த சில செயலிகளின் பாவனை தரவுக் கணக்கில் சேராது, ஆனால் ஹொட்ஸ்பொட் வழியே பாவித்தால் சேரும் என்றிருந்தது. அந்த மட்டுப்பாடு ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 செப்டெம்பர் 2 அன்று தீர்த்தது.

நியூஜேர்சியில் அந்தக் காலையில் எனக்கு இவை எதுவும் தெரியாது. மணி ஏழே முக்கால். தொலைபேசியின் சிறு திரையில், கட்டைவிரலால், கணினித் திரையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். என் வயதில் அந்த எழுத்துப் பலகை பெருந் தண்டனை. எட்டு இருபத்தைந்துக்கு அனுப்பியபோது முந்நூறு சொற்களும் தேறவில்லை. பிறந்த ஊர், பணியாற்றிய பத்திரிகைகள், வகித்த பதவிகள், பிள்ளைகள். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய குறிப்பு.

விடுபட்டவற்றில் ஒன்று இது. எழுபதுகளின் இறுதியில் நான் வவுனியாவிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். தபாற் கந்தோரில் ட்ரங் கோலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பேன். இணைப்புக் கிடைத்ததும் மறுமுனையில் அவரே வருவார். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான் சொல்லச் சொல்லக் கையால் எழுதுவார். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகத் திருப்பி வாசித்துக் காட்டுவார். மூன்று நிமிடம் முடிந்ததென்று இடையில் குரல் கேட்கும். "இன்னும் மூன்று போடுங்கோ தங்கச்சி" என்பார். மூன்று நிமிடத்துக்குக் காசு, அடுத்த மூன்றுக்கும் காசு. பேசியதை அவர் காதால் மட்டும் கேட்டாரா, காகிதத்தில் எழுதினாரா என்று இலாகா ஒரு நாளும் கேட்டதில்லை.

நண்பகலில் மின்சாரம் வந்தது. முழுக் கட்டுரையையும் அனுப்பவா என்று ஆசிரியரைக் கேட்டேன். அங்கே இரவு ஒன்பதரை. பக்கம் போய்விட்டது என்றார். அந்த ஆயிரத்து நூறு சொற்களும் இன்னமும் என் மடிக்கணினியில்தான் கிடக்கின்றன.