செங்கல்பட்டு யாருடைய கோட்டை?

செங்கல்பட்டுப் பக்கம் தேர்தல் பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர் ‘இது எங்க கோட்டை’ என்று சொல்லிவிடுவார். உதயசூரியன்காரர் சொல்வார், இரட்டை இலைக்காரரும் அதே உறுதியோடு சொல்வார். திருப்போரூர்ப் பக்கம் போனால் மாம்பழக்காரரும் விட்டுக்கொடுக்க மாட்டார். மூவரும் சொல்லும் இந்தக் கோட்டைப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துகொள்ளத்தான் பழைய தேர்தல் முடிவுகளைப் புரட்டத் தொடங்கினேன்.

திராவிடக் கட்சிப் பெரியவர்கள் கதையை 1925இல் ஆரம்பிக்கிறார்கள். காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறிய ஆண்டு அது. 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு செங்கல்பட்டிலேயே கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றெல்லாம் அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். அண்ணா பிறந்த ஊரும் பக்கத்தில்தான். இத்தனையும் சேர்ந்து ‘திராவிடக் கோட்டை’ என்ற பேச்சுக்கு அடித்தளம் ஆயிற்று. பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் வாக்குப்பெட்டிக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

1952இல் செங்கல்பட்டு நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் காங்கிரஸின் ஓ.வி. அழகேசன். அவர் ரயில்வே துணை அமைச்சராக இருந்தபோதுதான் 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து நடந்தது. லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார், தி.மு.க. மேடைகளில் அழகேசனின் பெயர் அடிபட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் தொகுதி காங்கிரஸின் கையை விட்டுப் போனது.

அந்த 1957 முடிவில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அப்போது செங்கல்பட்டு இரட்டை உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு; இரண்டு இடங்களில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு. ஏ. கிருஷ்ணசாமி, என். சிவராஜ் என்று இரண்டு சுயேச்சைகள் டெல்லிக்குப் போனார்கள். சிவராஜ் சாதாரண ஆள் இல்லை. 1945இல் சென்னை மேயரானவர், அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர், இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர். அவர் இந்த மண்ணுக்கு எம்.பி.யாக இருந்தார் என்பதைக் கோட்டைப் பேச்சு பேசும் ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையை அறிக்கையாக எழுத, அதன் விளைவாகத் தாழ்த்தப்பட்டோருக்கான பஞ்சமி நிலம் பிறந்ததும் இங்கேதான். அந்த நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டதும் இங்கேதான். இப்படிப்பட்ட இடத்தில் சிவராஜின் பெயர் மறந்துபோனது எனக்கு வேதனையாக இருக்கிறது.

1961 சட்டத்தால் இரட்டைத் தொகுதிகள் ஒழிந்தன. 1962இல் அழகேசன் திரும்பி வந்தார். அதே தேர்தலில் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் அண்ணாவே தோற்றார், அதுவும் சொந்த ஊரில்! செங்கல்பட்டு நாடாளுமன்றத் தொகுதியில் உதயசூரியன் முதன்முதலில் வென்றது 1967இல், சி. சிட்டிபாபு நின்றபோது. சுயமரியாதை மாநாடு நடந்து அப்போது 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சிட்டிபாபு 1971இலும் வென்றார். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசாவில் கைதாகிச் சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டார். மு.க. ஸ்டாலின் மேல் விழ வேண்டிய அடிகளைக் குறுக்கே புகுந்து தாங்கியவர் என்று இன்றும் சொல்கிறார்கள். 1977 ஜனவரியில் இறந்துபோனார். இரண்டே மாதத்தில் தேர்தல். எம்.பி. ஒருவரை அப்படிப் பறிகொடுத்த தொகுதி, நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த காங்கிரஸோடு கூட்டுச் சேர்ந்திருந்த அ.தி.மு.க.வின் ஆர். மோகனரங்கத்தைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாடே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, செங்கல்பட்டும் சாய்ந்தது. கோட்டை என்ற சொல்லை நான் கைவிட்டது இந்த இடத்தில்தான்.

அதன் பிறகு பட்டியல் வேகமாக ஓடுகிறது; சிலரை மட்டும் சொல்கிறேன். 1980இல் காங்கிரஸின் இரா. அன்பரசு, 1984இல் அ.தி.மு.க.வின் எஸ். ஜெகத்ரட்சகன் (பின்னாளில் தி.மு.க. எம்.பி.), 1996இல் தி.மு.க.வின் கே. பரசுராமன். பா.ம.க.வின் ஏ.கே. மூர்த்தி 1999இல் பா.ஜ.க. இருந்த அணியிலும், 2004இல் காங்கிரஸ் இருந்த அணியிலும் நின்று இரண்டு முறையும் ஜெயித்தார். 2009 தேர்தலில் தொகுதி மறுசீரமைப்பு நடைமுறைக்கு வந்து, செங்கல்பட்டு, திருப்போரூர், மதுராந்தகம், செய்யூர், உத்திரமேரூர், காஞ்சிபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்து காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தனித்தொகுதி ஆயின. அதில் காங்கிரஸின் பி. விஸ்வநாதன், 2014இல் அ.தி.மு.க.வின் கே. மரகதம், 2019இலும் 2024இலும் தி.மு.க.வின் ஜி. செல்வம்.

1967 முதல் 2024 வரை 15 பொதுத்தேர்தல்கள். மாநிலத்தில் எந்த அணி அதிக இடம் பிடித்ததோ, அந்த அணியின் வேட்பாளரே 15 முறையும் இங்கே வென்றிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பாய் விரிக்கத் தெரிந்தவர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்காரர்கள்; ஓட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

2019இல் செல்வத்தின் வித்தியாசம் 2,86,000க்கு மேல். 2024இல் 2,21,000 சொச்சம். இதைப் பார்த்து ‘பத்திரமான தொகுதி’ என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் வாங்கிய ஓட்டு சுமார் 6.84 லட்சத்திலிருந்து 5.86 லட்சமாகக் குறைந்தது. எதிரே அ.தி.மு.க. 3.64 லட்சம், பா.ம.க. 1.64 லட்சம் என்று பிரிந்து கிடந்தன. கூட்டினால் கிட்டத்தட்ட 5.3 லட்சம். நாம் தமிழர் தனியாக ஒரு லட்சத்தைத் தாண்டியது. எதிரணிகள் சேர்ந்து நின்றால் அந்த ஓட்டு அப்படியே சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் 2024இன் அந்தப் பெரிய வித்தியாசத்தில் பெரும்பங்கு எதிராளிகளின் பிரிவினை தந்தது.

பத்திரம் என்று நம்பிவிட்டால் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலையின் பக்கத்துக் குப்பங்களுக்கும், கல்பாக்கத்து அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இராது. அந்த நம்பிக்கைக்கு 2029இல் இடமில்லை என்றே கணக்கு காட்டுகிறது. அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் ஒரே மேடையில் நிற்குமா என்பது ஒரு கேள்வி. கேளம்பாக்கம், மறைமலைநகர், கூடுவாஞ்சேரிப் பக்கம் அடுக்குமாடிகளில் குடியேறிய புது வாக்காளர்கள் யாருக்குக் குத்துவார்கள் என்பது இன்னொன்று. அதற்குள் தொகுதி மறுவரையறை வந்தால் இந்த எல்லையும் தனித்தொகுதி என்ற நிலையும்கூட மாறலாம்.