செவி கண்டறிந்த பழுது

நுழையும்முன்

கண்ணால் பார்த்து அறிவது போலவே காதால் கேட்டு அறிவதும் ஓர் அறிவே. ஓசைகளின் வேறுபாட்டைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. அச்சொற்கள் ஒரு பணிமனையில் எவ்வாறு பயன்பட்டன என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

கேரள மாநிலத்தில் கொல்லம் நகருக்கு வடக்கே, அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் இடத்தில் நீண்டகரை என்னும் ஊர் அமைந்துள்ளது. 1953ஆம் ஆண்டில் இந்திய–நார்வே கூட்டுத் திட்டம் இவ்வூரில் தொடங்கப்பட்டது. அதன்பின் இக்கரையில் இயந்திரப் படகுகள் பெருகின. இன்று பெரிய விசைப்படகுகளுக்கு அருகே சிறிய ஃபைபர் படகுகளையும் இங்குக் காணலாம். அச்சிறு படகுகளின் பின்பலகையில் மாட்டப்பட்டிருப்பது வெளிப்பொருத்தும் இயந்திரம். குமரி மாவட்டத்துக் குளச்சலிலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்த என் தந்தையார், இவ்வியந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றை நடத்திவந்தார். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் அவருடன் இருப்பேன்.

வெளிப்பொருத்தும் இயந்திரத்தின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். அதன் தலைப்பகுதியில் எரிபொருளை எரித்து ஆற்றலைப் பெறும் இயந்திரம் இருக்கும். நடுவில் நீண்ட தண்டு ஒன்று கீழ்நோக்கி இறங்கும். நீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியில் பல்சக்கரப் பெட்டியும் சுழல்விசிறியும் உள்ளன. எங்கள் கரையில் பெட்ரோலால் இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வர். இயந்திரம் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அந்நீரில் ஒரு பங்கு சிறு துளை வழியாக மெல்லிய தாரையாக வெளியே பாயும். தாரை நின்றுவிட்டால் இயந்திரம் வெப்பத்தால் கெடும். ஆகவே, கரையில் வைத்துச் சோதிக்கும்போதும் அதன் அடிப்பகுதியை நீர் நிறைந்த பீப்பாயில் இறக்கிய பின்னரே இயக்க வேண்டும்.

ஓராண்டு மே மாத இறுதியில் முதியவர் ஒருவர் தம் பழைய இயந்திரத்தை எங்கள் பணிமனைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பதினைந்து வயதிருக்கும். சில நாள்களாக அதிலிருந்து புதியதோர் ஓசை எழுந்தது. கிராங்க் தண்டின் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்றும், இயந்திரம் முழுவதையும் பிரித்தாக வேண்டும் என்றும் வேறிடத்தில் அவரிடம் கூறியிருந்தனர். அச்செலவுக்கு அவர் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. மழைக்காலமோ நெருங்கிவிட்டது. கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. சிறு படகுகளுக்கு அத்தடை இல்லை. ஆதலால், அவை நல்ல வருவாய் ஈட்டும் காலம் அதுவே. அவருடைய படகை நம்பி நான்கு குடும்பங்கள் இருந்தன.

தந்தையார் உடனே திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. முதியவரை அமரச் செய்து, வினவத் தொடங்கினார்.

“சேட்டா, ஓசை எப்படிக் கேட்கிறது? நறநறவென்று அரைக்கிறதா, கடகடவென்று ஆடுகிறதா, டொக் டொக்கென்று தட்டுகிறதா?”

“தட்டுகிறது மேஸ்திரி. சிறு சுத்தியலால் தட்டுவது போல இருக்கிறது.”

“மெதுவாக ஓடும்போதா, விரைவாக ஓடும்போதா?”

“மெதுவாக ஓடும்போதுதான். விசையைக் கூட்டினால் மறைந்துவிடுகிறது.”

உரையாடல் மலையாளத்தில்தான் நடந்தது. ஆனால், ஓசைகளை எனக்கு விளக்கும்போது தந்தையார் தமிழ்ச் சொற்களையே கையாள்வார். பல்சக்கரங்களின் பற்கள் தேய்ந்தால் ‘நறநற’ என்னும் ஓசை எழும். மேல்மூடியோ திருகோ தளர்ந்தால் ‘கடகட’ என்று அதிரும். இரும்பும் இரும்பும் சற்றே இடைவெளி விட்டு மோதினால் ‘டொக் டொக்’ என்று கேட்கும். “ஓசைக்குச் சரியான பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அது எப்பொழுது எழுகிறது, எப்பொழுது அடங்குகிறது என்று பார்ப்பது” என்பார் அவர்.

பின்னர் இயந்திரத்தைப் பீப்பாயில் இறக்கி இயக்கினார். நீர்த்தாரை தடையின்றிப் பாய்ந்தது. எனவே, வெப்பத்தால் விளைந்த கேடு அன்று. மேல்மூடியை அகற்றிய பின்னும் ஓசை நிற்கவில்லை. எனவே, மூடியின் அதிர்வும் அன்று. சுழல்விசிறி சுழன்றபோதும், அதன் இணைப்பை விடுவித்தபோதும் ஓசை ஒரே அளவில் கேட்டது. ஆகவே, ஐயம் சுழல்விசிறியை விட்டு நீங்கியது. இயந்திரத்தை நிறுத்திப் பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தார். நீர் புகுந்திருந்தால் எண்ணெய் பால் போல வெளுத்திருக்கும். பற்கள் உடைந்திருந்தால் இரும்புத் துகள்கள் தென்பட்டிருக்கும். இரண்டும் இல்லை. கீழ்ப்பகுதி குற்றமற்றது என்பது தெளிவாயிற்று.

அடுத்து மேற்பகுதியை ஆராய்ந்தார். அவ்வியந்திரத்துக்கு இரண்டு சிலிண்டர்கள். ஒரு சிலிண்டரின் மின்பொறியைத் தடுத்து மற்றொன்றால் மட்டும் ஓடவிட்டார். பிறகு மாற்றிச் செய்தார். ஒரு பிஸ்டனைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருப்பின், அந்தச் சிலிண்டரின் எரிப்பை நிறுத்தும்போது தட்டும் ஓசை பெரிதும் தணியும். இங்கோ இரு முறையும் ஓசையில் மாற்றம் இல்லை. பின்னர் நீண்ட திருப்புளியின் கைப்பிடியைத் தம் காதோடு சேர்த்து, சுழலும் உறுப்புகளில் படாமல், அதன் முனையை இயந்திரத்தின் உடற்பகுதியில் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். மருத்துவரின் துடிப்புமானியைப் போல இரும்புத் தண்டு ஓசையைக் கடத்தும். கீழே மெலிந்திருந்த ஓசை, மேலே செல்லச் செல்ல வலுத்தது.

இயந்திரத்தை நிறுத்தினார். உச்சியில் இருக்கும் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். ‘டொக்’ என்றது. தண்டு அசைவதற்கு முன்பே சக்கரம் நூலளவு தனியே அசைந்தது. “இங்கே கையை வைத்துப் பார்” என்றார். அந்தச் சிறு அசைவை என் விரல்களும் உணர்ந்தன.

காரணம் எளியது. சக்கரத்தைத் தண்டோடு இறுக்கும் நட் தளர்ந்திருந்தது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஒவ்வோர் எரிப்பும் தண்டை உதைத்துத் தள்ளும். தளர்ந்த சக்கரம் ஒவ்வோர் உதைக்கும் ஒருமுறை மோதும். விரைவு கூடினால் உதைகள் நெருங்கி ஓட்டம் சீராகும், ஓசையும் அடங்கும். பேரிங் தேய்வின் ஓசையும் ஏறத்தாழ இதைப் போன்றே இருப்பதால், கேட்ட அளவில் முடிவு செய்வோர் மயங்குவர்.

தந்தையார் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தையும் தண்டையும் பிணைக்கும் சிறிய இரும்பு ஆப்பு நசுங்கியிருந்தது. இன்னும் சில நாள் சென்றிருந்தால் அது முறிந்திருக்கும். மின்பொறி தோன்றும் நேரம் பிறழ்ந்து, நடுக்கடலில் இயந்திரம் நின்றிருக்கும். புதிய ஆப்பைப் பொருத்தி, தண்டின் முனையைத் துடைத்து, உரிய அளவில் நட்டை முடுக்கினார். மாலைக்குள் வேலை முடிந்தது. கடன் வாங்கும் தேவை முதியவருக்கு ஏற்படவில்லை.

அன்றிரவு தந்தையாரிடம், “பிரித்துப் பார்த்திருந்தாலும் பழுது தெரிந்திருக்குமே அப்பா?” என்று கேட்டேன். “தெரிந்திருக்கும். ஆனால், உப்புநீரில் உழைத்த பழைய இயந்திரத்தில் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். திறக்கும்போதே சில முறியும். ஒரு பழுதைத் தேடப் போய் நாமே நான்கு பழுதுகளை உண்டாக்கிவிடக் கூடாது” என்றார்.

பழையது ஓசை எழுப்பினால், அது பயனற்றுப் போயிற்று என்று முடிவு கட்டுவது எளிது. பொறுமையோடு செவிசாய்த்து, ஒவ்வோர் ஐயமாக நீக்குவதே அரிது. அதற்கு நுண்ணிய செவி வேண்டும். கேட்டதைப் பிறருக்கு உணர்த்த நுண்ணிய சொற்களும் வேண்டும்.

சொல்லும் பொருளும்

தாரை – நீரொழுக்கு
பிறழ்தல் – முறை மாறுதல்
முடுக்குதல் – இறுகத் திருகுதல்
துடிப்புமானி – இதய ஒலியைக் கேட்க உதவும் கருவி

பயிற்சி

1. கரையில் சோதிக்கும்போதும் இயந்திரத்தை நீரில் இறக்குவது ஏன்?
2. பழுது கீழ்ப்பகுதியில் இல்லை என்பது எவ்வாறு தெளிவாயிற்று?
3. நறநற, கடகட, சலசல, படபட ஆகிய இரட்டைக்கிளவிகளைத் தொடரில் அமைத்து எழுதுக.
4. உங்கள் வீட்டில் கேட்கும் ஐந்து ஓசைகளையும் அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களையும் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.